ஹேமாவின் மாமியார்

ஆமாம்மா, நான்தான். பெரம்பலூர் தாண்டுனதுலேருந்து போனையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே வர்ற, நான் கவனிக்கலன்னு நெனச்சியா? அந்த வீடியோல மூக்கச் சிந்திக்கிட்டு "எம் மருமக என்னைச் சாகடிக்கிறா"ன்னு அழுவறது நானேதான். பேரு மங்கையர்க்கரசி. திருச்சி, உறையூர். போதுமா? போன உள்ள வை. அந்தப் பைய ஏன் மடியில வச்சுக்கிட்டிருக்க? கீழ வச்சா காலு நீட்டிக்கலாம்ல. நான் யாரையும் அதட்டற ஆளே இல்லம்மா. நல்லதுக்கு ஒண்ணு சொல்லுவேன், அவ்வளவுதான்.

முன் சீட்டுல வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குறாரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. நல்ல மனுசன். வாயில்லாப் பூச்சி. அந்தப் பூச்சி வாயத் தொறந்து என்ன பண்ணுச்சுன்னு அப்பறம் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க. எனக்கு மருமகளே கிடையாது.

சிரிக்காத. சத்தியமா கிடையாது. ஒரே பையன், செழியன். சென்னையில வேலை. முப்பத்தொரு வயசாவுது, கல்யாணமே ஆவல. அந்த ஹேமான்னு ஒருத்தி உலகத்துலயே இல்ல. எங்க தெரு முக்குல ஹேமா லேடீஸ் டெய்லர்னு ஒரு கடை இருக்கு, அந்தப் பேரு வாயில வந்துருச்சு. அந்தக் கடைக்காரம்மா இப்ப "இந்தக் கடைக்கும் அந்த ஹேமாவுக்கும் சம்பந்தம் இல்லை"ன்னு போர்டு எழுதி வச்சிருக்கா. நான் குடுத்த ஜாக்கெட்டையும் தைக்காம திருப்பி அனுப்பிட்டா.

எப்படி ஆச்சுன்னா, பக்கத்து வீட்டுத் தனபாக்கியத்த டிவில கூப்பிட்டிருந்தாங்க. 'இந்தப் பக்கம் அந்தப் பக்கம்'னு ஞாயித்துக்கிழமை வருதுல்ல, ஒரு பக்கம் மாமியாருங்க, எதிர்ப்பக்கம் மருமகளுங்க, நடுவுல மைக்க வச்சுக்கிட்டு ஒரு தம்பி கிண்டி விடுவானே, அது. தொணைக்கு வாடின்னா. நானும் மெட்ராஸ்ல பையனைப் பாத்த மாதிரி ஆச்சுன்னு கெளம்பிட்டேன். பட்டுப்புடவை கட்டிக்கிட்டேன். தொணைக்குப் போறவ எதுக்குப் பட்டுப்புடவை கட்டுனேன்னு கேக்காத. கட்டுனேன்.

அங்க போனா மாமியார் பக்கம் ஒரு நாற்காலி காலி. திண்டுக்கல்லுலேருந்து வரவேண்டிய ஒருத்தி வரல. ஏன் வரலன்னு கேளு. மருமகளுக்குக் காச்சலாம், கஞ்சி வச்சுக் குடுக்கணும்னு இருந்துட்டாளாம்! கொடுமைக்கார மாமியார்னு தேடிப் புடிச்சு வச்சிருந்த ஆளு! காதுல மாட்டுன மைக்கோட ஒரு பொண்ணு அங்கயும் இங்கயும் ஓடுச்சு. ஒல்லியா, மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு. என்னைப் பாத்ததும் கையப் புடிச்சுக்கிச்சு. "அம்மா, சும்மா உக்காருங்கம்மா. நீங்க ஒண்ணும் பேச வேணாம். சீட் காலியா இருந்தா டிவில பல்லு விழுந்த மாதிரி தெரியும். என் வேலை போயிரும்மா"ன்னுச்சு. பேரு மெர்லின். நாகர்கோவில் பக்கம். பாவமா இருந்துச்சு. உக்காந்தேன். அந்தப் பக்கம் ஏசியும் நல்லா இருந்துச்சு.

தனபாக்கியம் இருக்காளே, அவ மருமகளப் பத்திப் பேச ஆரம்பிச்சா காவேரி மாதிரி ஓடுவா. எங்க வீட்டுச் செவுத்துக்கெல்லாம் அவ மருமக கதை மனப்பாடம். அன்னிக்கு அந்தத் தம்பி மைக்க நீட்டுனதும் எதிர்ப்பக்கம் பாக்குறா. அங்க அவ மருமக உக்காந்து மொறைக்கிறா. உடனே இவ, "எம் மருமக தங்கம்ங்க"ங்கிறா! அந்தத் தம்பிக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அடுத்தவளும் தங்கம்ங்கிறா. அதுக்கடுத்தவ வைரம்ங்கிறா. நிகழ்ச்சியே படுத்துருச்சு. மெர்லின் பொண்ணு கேமராவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டுக் கையப் பெசையுது. சட்டுனு மைக்கு எங்கிட்ட வந்துருச்சும்மா. "நீங்க சொல்லுங்கம்மா, மருமக மேல ஒரு குறை கூடவா இல்ல?"

எத்தனை விளக்கு! எத்தனை பேரு! சும்மா எந்திரிச்சு "எனக்கு மருமக இல்லீங்க"ன்னு சொல்லிட்டு உக்கார்றதா? பட்டுப்புடவை வேற கட்டியிருக்கேன்.

"காலையில எந்திரிக்கிறதே லேட்டு"ன்னேன். அவ்வளவுதான் சொல்ல நெனச்சேன். "அப்பறம்?"ன்னான். அந்த 'அப்பறம்' இருக்கு பாரு, அது பொல்லாத வார்த்தை. ரசத்துக்கு மிளகு தட்டாம மிக்ஸியில அடிக்கிறான்னேன். பால அடுப்புல வச்சுட்டு போன நோண்டுறான்னேன். பேரு என்னன்னான். ஹேமான்னேன். எனக்குக் காச்சல் வந்து கெடந்தப்ப ஒரு வாய் கஞ்சி வச்சுக் குடுக்கலீங்க, போன்ல ஆர்டர் போட்டு பீட்சா வரவழைச்சுக் குடுத்தாங்கன்னேன். காச்சலோட நான் அந்தப் பீட்சாவ மெல்லுற மாதிரி கண்ணு முன்னாடி தெரிஞ்சுச்சு. நெஜமாவே அழுதுட்டேன். தனபாக்கியம் என் முதுகத் தடவி விடுறா. எனக்கு மருமக இல்லன்னு தெரிஞ்சவ, அவளும் சேந்து அழுவுறா.

"நீங்க என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டான். "அடுப்படியப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிட்டேன்"ன்னேன்.

அங்கதான் வந்துச்சு வினை.

மனுசங்க நியாயத்தப் பாரு. காச்சக்காரி பீட்சா தின்னது யாருக்கும் கஷ்டமா இல்ல. அடுப்படியப் பூட்டுனதுதான் கஷ்டமா போச்சு. அந்தத் துண்ட மட்டும் வெட்டி, சோகமா வயலின் போட்டு, நான் இடுப்பத் தட்டுறத மெதுவா மூணு தடவ ஓட்டி, 'சாவி மாமியார்'னு பேரு வச்சு ஊரு பூரா அனுப்பிட்டாங்க. 'ஹேமாவுக்கு நியாயம் வேண்டும்'னு போட்டாங்க. 'ஹேமா அக்கா, எங்க வீட்டுக்கு வாங்க, சோறு போடுறோம்'னு போட்டாங்க. மலேசியாவுலேருந்து ஒரு பொம்பள ஹேமாவுக்குப் புடவை அனுப்ப அட்ரஸ் கேக்குறா. எனக்கு ஒருத்தியும் கைக்குட்டை கூட அனுப்பல. பூக்காரி, "ஹேமாவுக்கு"ன்னு சொல்லி ஒரு மொழம் சேத்து அளந்து குடுக்குறா. இல்லாத சிறுக்கிக்கு எவ்வளவு செல்வாக்கு பாத்தியா!

இந்தா, முறுக்கு தின்னு. கைய இப்படிக் கீழ ஏந்திக்க, தூளு மடியில கொட்டுது பாரு.

ஒரு நாள் காலையில ஏதோ பெண்கள் அமைப்புன்னு மூணு பேரு வீட்டுக்கு வந்துட்டாங்க. "ஹேமாவக் கூப்பிடுங்க"ன்னாங்க. அப்படி யாரும் இல்லீங்கன்னேன். "இல்லையா?"ன்னு ஒருத்தி நெஞ்சுல கை வச்சுக்கிட்டா. அப்பறம் குளியலறை பாக்குறாங்க, கட்டிலுக்கு அடியில பாக்குறாங்க, மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணித் தொட்டி மூடியத் தொறந்து எட்டிப் பாக்குறாங்கம்மா! அடுப்படி தொறந்துதான் கெடந்துச்சு. "நாங்க வர்றோம்னு தெரிஞ்சு தொறந்து வச்சிருக்கா"ங்கிறாங்க. நான் வாயே தொறக்கல. வாயத் தொறந்துதானே இவ்வளவும்.

அப்பதான் எங்க வாயில்லாப் பூச்சி பேப்பரு வாங்கிட்டு உள்ள வர்றாரு. "சார், ஹேமா எங்க?"ன்னு கேட்டாங்க. இவரு செத்த யோசிச்சு, "நல்ல பொண்ணுங்க. இருக்கிற எடமே தெரியாது"ன்னாரு. தமாஷாம்! அந்தத் தமாஷுக்கு மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ரேஷன் கார்டக் காட்டி, எங்க வீட்டுல மொத்தம் மூணே பேருதான்னு ரூபிச்சுட்டு வந்தோம். அந்த எஸ்.ஐ. தம்பி நல்ல மாதிரி. போகும்போது மட்டும், "இருந்தாலும் அடுப்படியப் பூட்டியிருக்கக் கூடாதும்மா"ன்னான்.

இதெல்லாம் போகட்டும்னு விட்டுருவேன். என் பையன் வாழ்க்கைதானம்மா போச்சு. அதுக்கு முன்னாடியே வரன் அமையறது கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஒரு பொண்ணு பல்லு சரியில்ல, ஒண்ணு ரொம்பப் பேசுது, ஒண்ணு பேசவே மாட்டேங்குது, ஒரு வீட்டுல காபில சிக்கரி. நான் கொறை சொல்லல, உள்ளதச் சொன்னேன். வீடியோவுக்கு அப்பறம் தஞ்சாவூருல ஒரு எடம் கூடி வந்துச்சு. லட்சணமான பொண்ணு. பஜ்ஜி கூட நல்லா இருந்துச்சு. தட்டு மாத்தற பேச்சு எடுக்கும்போது தாய்மாமன்காரன் போனத் தூக்கிக்கிட்டு எந்திரிக்கிறான். "எல்லாம் சரிதாங்க. முதல் சம்சாரத்தோட விவாகரத்துப் பேப்பரு எங்க?"

எனக்கு பஜ்ஜி தொண்டையில நின்னுருச்சு. கல்யாணமே ஆவாதவனுக்கு எவன் விவாகரத்து குடுப்பான்? வக்கீலக் கேட்டா, "யாராவது ஒரு ஹேமாவக் கட்டி வைங்க, நான் பிரிச்சுக் குடுக்குறேன்"னு சிரிக்கிறான். தரகர் இருக்காரே, அவரு அதுக்கு மேல. "அம்மா, பேசாம ரெண்டாந்தாரப் பிரிவுல போட்ருவோம். சீக்கிரம் அமையும்"ங்கிறாரு! பச்சைப் புள்ளைம்மா அவன். ஒரு பொண்ணு கையத் தொட்டதில்ல, ரெண்டாந்தாரம்!

அந்தத் தஞ்சாவூர்ப் பொண்ணு நாங்க கெளம்பும்போது ஓடி வந்து எங்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டா. அது வேற.

அப்பறம்தான் மெர்லினுக்குப் போன் போட்டேன். ஏம்மா, நீதானே உக்கார வச்ச, அந்த வீடியோவ எடுக்கச் சொல்லு, இல்ல ஹேமா பொய்யின்னாவது சொல்லச் சொல்லுன்னேன். பாவம், அதுவும் மேல கேட்டுச்சு. மேல என்ன சொன்னாங்க தெரியுமா? "ரெண்டாம் பாகம் எடுப்போம். ஹேமாவும் வரட்டும்." இல்லாதவ எப்படி வருவான்னா, நடிக்க ஆளு கூட்டிட்டு வர்றாங்களாம்! நான் கண்டிப்பா முடியாதுன்னுட்டேன். மொதல்ல செத்த யோசிச்சேன், அப்பறம் முடியாதுன்னுட்டேன்.

"நீ விடும்மா, நான் பேசிக்கிறேன்"னு செழியன் நம்பர வாங்கிக்கிட்டான். பேசுனான். தெனமும் பேசுனான். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன் மொட்டைமாடியில நின்னுக்கிட்டுப் பேசுனான். "யாருடா?"ன்னா, "வீடியோ விஷயமாம்மா"ங்கிறான். கரும்பு தின்னக் கூப்பிட்டா, "வீடியோ விஷயமா"ங்கிறான். ஆனா ஒரு வருஷமா பேசியும் வீடியோ அப்படியேதான் இருக்கு. பையன் மட்டும் மூணு கிலோ ஏறிட்டான். மூஞ்சியில ஒரு தேஜஸ்.

இப்ப ஒரு வாரம் முன்னாடி போன் பண்ணி, "அம்மா, வீடியோவ எடுக்கப் போறாங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு சாட்சிக் கையெழுத்து போடணும். நீயும் அப்பாவும் வாங்க. பட்டுப்புடவை கட்டிக்க"ன்னான். அதுக்குத்தான் போறோம்.

என்னடி சிரிக்கிற? வாயப் பொத்திக்கிட்டு வேற சிரிக்கிற. வீடியோவ எடுக்கறதுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் எதுக்கு, பட்டுப்புடவை எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? "நீ சாப்பிட்டியா, மழையில நனையாத"ன்னு மொட்டைமாடியில பேசுனது படி முழுக்கக் கேட்டுச்சும்மா. நான் என்ன மண்ணாந்தையா? என் பையில பாரு, மேல துண்டு கெடக்கு, அடியில மாலை. ஸ்ரீரங்கத்துல சொல்லிக் கட்டுனது. கையால அமுக்காத! இவருக்குத்தான் ஒண்ணும் தெரியாது. வெள்ளந்தி. எதுக்கோ முந்தாநாள் தலைக்கு மை அடிச்சுக்கிட்டாரு, புது வேட்டி வாங்கிட்டாரு. அப்பப்ப இப்படி ஆசை வரும் அவருக்கு.

கோவம் வந்துச்சா? வந்துச்சு. மெர்லின் வேதக்காரப் பொண்ணு, சர்ச்சுக்குப் போறவன்னு வந்துச்சு. அதுக்கு மேல, பெத்தவகிட்ட ஒளிச்சானேன்னு வந்துச்சு. நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? ரெண்டு நாள் யாரோடயும் பேசல. அப்பறம் அடுப்படியில நின்னுக்கிட்டு யோசிச்சேன். இந்த உலகத்துல செழியனுக்குக் கல்யாணம் ஆவலன்னு நிச்சயமா தெரிஞ்ச பொண்ணு யாரு? ஹேமா இல்லன்னு நம்புறவ யாரு? அவ ஒருத்திதானே! மத்த எவளக் கட்டி வச்சாலும் பீரோவுக்குப் பின்னாடி ஹேமா இருக்காளான்னு பாத்துக்கிட்டே இருப்பா. இவதான் என்னை அந்த நாற்காலியில கொண்டுபோய் உக்கார வச்சவ. நான் கொடுமைக்காரி இல்லன்னு இவளுக்குத்தானே தெரியும். கட்டட்டும்னு முடிவு பண்ணிட்டேன்.

நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்மா. அவ இஷ்டப்படி இருக்கட்டும். காலையில எப்ப வேணா எந்திரிக்கட்டும், ஆறு மணிக்குள்ள. சமைக்கத் தெரியலன்னா பரவால்ல, கத்துக்குடுத்தா ஒரு மாசத்துல வந்துரும். அவங்க வீட்டுல நான் போய்த் தங்கப் போறதில்ல, மொதல் மூணு மாசம் மட்டும் ஒத்தாசைக்கு.

ஏன் அப்படிப் பாக்குற?

இருந்தாலும் ஒண்ணும்மா, அவளப் பாத்ததும் என்ன பேசுறதுன்னு தெரியல. இத்தனை நாளா இல்லாதவளத் திட்டித் திட்டி, இருக்கிறவகிட்ட எப்படிப் பேசுறதுன்னே மறந்துபோச்சு. இரு, நீ செத்த நேரம் மெர்லினா இரு. நான் பேசிப் பாக்குறேன். திரும்பி உக்காரு. ம். வாம்மா மெர்லின், நல்லா இருக்கியா? என்ன இது, தலைய இப்படி விரிச்சுப் போட்டிருக்க, நல்ல நாளும் அதுவுமா?

வேணாம், வேணாம். அழி அழி. இன்னொரு தடவ. வாம்மா. நீ எம் பொண்ணு மாதிரி. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லலாம். ஆனா என்னோட பேசும்போது போனப் பாக்கக் கூடாது.

அது உன்னைச் சொல்லலம்மா, பொதுவாச் சொன்னேன். ஐயோ, பாத்தியா? வாயத் தொறந்தாலே அப்படித்தான் வருது. அந்த வீடியோவ அத்தனை தடவ பாத்துப் பாத்து, எனக்கே அந்தச் சாவி மாமியார் பேச்சு ஒட்டிக்கிச்சோ என்னமோ. முன்னாடி நான் இப்படி இல்ல. தனபாக்கியத்தக் கேட்டுப் பாரு. வேணாம், அவளக் கேக்காத.

பயமா இருக்கும்மா. வெக்கத்த விட்டுச் சொல்றேன், நேத்துலேருந்து சோறு எறங்கல. இவளும் இல்லன்னா அவனுக்கு யாரு இருக்கா? என்னால ஒரு கல்யாணம் போச்சு. இதுவும் எம் மூஞ்சியப் பாத்துப் போயிருச்சுன்னா நான் எந்தச் செவுத்துல முட்டிக்குவேன்? என்ன சொல்ற? ஒண்ணுமே பேச வேணாமா? அது எப்படி, வாய் இருக்கும்போது பேசாம இருக்கிறது? நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது.

ஏங்க! எந்திரிங்க. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. வாயத் தொடச்சுக்கங்க.

அதோ, அதோ பாரு, அந்தத் தூணுகிட்ட. சட்டையெல்லாம் புதுசா நிக்கிறானே, அவன்தான் என் பையன். பக்கத்துல அதுதான் மெர்லின். பரவால்லையே, தலைய வாரிப் பின்னியிருக்கா. பூ வச்சிருக்கா. யாரும்மா வச்சுவிட்டது, ஒரு பக்கமா தொங்குது. அவன்தான் வச்சிருப்பான், கழுதை.

என்ன இவ, பஸ்ஸு நின்னதும் அவனுக்குப் பின்னாடி போறா? அவன் முன்னாடி இழுக்குறான், இவ பின்னாடி போறா. அவன் சட்டையப் புடிச்சுக்கிட்டிருக்கா பாரு. கை நடுங்குது. உனக்குத் தெரியுதா? எனக்குக் கிட்டத்துப் பார்வைதான் மட்டம், தூரத்துல நல்லாத் தெரியும். வளையல் ஆடுதும்மா. வெயில்ல நின்னு மயக்கமா? இல்ல. என்னைத்தான் பாக்குறா. என்னைப் பாத்தா நடுங்குறா?

அடிப் பாவி மகளே! ஊரு நம்புச்சு, சரி. போலீஸ்காரன் நம்புனான், சரி. "சும்மா உக்காருங்கம்மா, ஒண்ணும் பேச வேணாம்"னு கையப் புடிச்சு உக்கார வச்சவ நீ. ஹேமான்னு ஒருத்தி இல்லன்னு உனக்குத் தெரியும். நீயுமாடி நம்பிட்ட?

நகரு, நகரு. வழிய விடு. மாலைய நீ எடுத்துட்டு வா, நசுக்காம புடி. இவரு மெதுவா எறங்குவாரு, கையக் குடுத்து எறக்கி விடு. நான் முதல்ல போய் அந்தப் பொண்ணு கையப் புடிக்கணும்.